எடைக்கு எடை கருப்பட்டி

கொஞ்சம் சன்னலோரம் தள்ளிக்கிடு தாயி. இந்தக் கூடையை மடியில வச்சுக்கிடுதேன். கீழ வச்சா தகரம் கொதிக்கும். பயப்படாத, கோழி இல்ல, பூனைதான். கண்டக்டர் தம்பி பார்த்தான்னா எறக்கி விட்டாலும் விட்டுருவான்னு மேல துணியைப் போட்டு மூடியிருக்கேன். உன் பிள்ளை மேல எல்லாம் பாயாது. பாயிற பூனையா இது? கட்டில்ல ஏறணும்னாலே கீழ உக்காந்துக்கிட்டு நம்ம மூஞ்சியைப் பார்க்கும், யாராவது தூக்கி வைங்கன்னு.

காலுக்கடியில இருக்கிறது கருப்பட்டி மூடை. கால் பட்டுராமப் பாத்துக்க, சாமிக்குள்ளது.

திருநெல்வேலிக்குத்தான் போறேன். அங்கன எறங்கி வேற பஸ்சு ஏறணும். ஆத்தங்கரை மாடத்தி கோயில். எங்க குலசாமி. உச்சிப் பூசை முடிஞ்சதும் பூசாரி நடையைச் சாத்திட்டுப் போயிருவாரு, அதுக்குள்ள போய்ச் சேரணும். இவன் ஓட்டுற ஓட்டைப் பாரு. மாட்டு வண்டி முந்திக்கிட்டுப் போயிரும் போல இருக்கு.

பூனைக்குக் கோயில்ல என்ன சோலின்னு கேக்க. எல்லாரும் அதைத்தான் கேக்காக. எங்க வீட்டுக்காரர் கேட்டாக, டாக்டரம்மா கேட்டா, பூசாரி கேட்டாரு. நீயும் கேட்டுட்ட. இரு, சொல்லுதேன்.

எனக்குக் கோவில்பட்டி மார்க்கெட்ல கருவாட்டுக் கடை. சொர்ணத்தாய் கடைன்னா கண்ணு தெரியாதவன் கூட மோந்துக்கிட்டே வந்துருவான். என் மாமியா இருந்த இடம், பொறவு நான். என் தராசுல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல தாயி. எடைன்னா எடை. முள்ளு நடுவுல நிக்கணும். பக்கத்துக் கடைக்காரி சாளைக் கருவாட்டுல தண்ணியைத் தெளிச்சு வச்சு விப்பா, கனம் கூடட்டும்னு. நான் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன். வாங்கும்போது உப்பைத் தட்டிட்டுத்தான் எடை போட்டு வாங்குவேன். விக்கும்போதா? விக்கும்போது உப்பு அது பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். கருவாட்டுல உப்பு இல்லாம மல்லியப்பூவா இருக்கும்?

இவ பேரு பவுனு. கடையில எலித் தொந்தரவுன்னு குட்டியா வந்தவ. ஒரு கையில அடங்குவா. அப்பம்லாம் என்ன ஓட்டம், என்ன சாட்டம்! மூடைக்கு மூடை தாவுவா. எலி இவளைக் கண்டா மார்க்கெட்டை விட்டே ஓடும்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி மாசம், நல்ல மழை. எதுத்தாப்புல அரிசிக் கடைக்காரன் எலிக்கு மருந்து வச்சிருக்கான். அந்தச் சவத்து மூதி நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மருந்தைத் தின்ன எலியை இவ தின்னுட்டா. நான் பார்க்கேன், வாயில நுரை. காலு நாலும் விறைச்சுக்கிட்டு வெட்டுது. எனக்கு உசுரே இல்ல தாயி. அவுகளுக்குப் போன் போட்டேன். தீப்பெட்டி ஆபீஸ்ல மெசின் ஓட்டுதாக எங்க வீட்டுக்காரர், ஆவுடையப்பன்னு பேரு. ஓடி வந்து இவளைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போனாக. நான் கடையில தராசுக்கு முன்னால நின்னுக்கிட்டு, “ஆத்தா மாடத்தி, இவ எந்திரிச்சு நடந்துட்டான்னா உன் வாசல்ல எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன்”னு நேந்துக்கிட்டேன்.

பிள்ளைகளுக்குப் போடுவாகள்ல, அதேதான். கோயில் முன்னால பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டுல பிள்ளை, ஒரு தட்டுல கருப்பட்டி. என் மவன்மாருக்கும் போட்டிருக்கேன், ரெண்டு பேருக்கும்.

எந்திரிச்சுட்டா! மறுநாள் காலையில கண்ணை முழிச்சு மியாவ்னா. டாக்டரம்மா ஊசி போட்டா, இல்லைங்கல. ஊசிக்கு மட்டும் எந்திரிக்கிற உசுரா அது? மாடத்தி எந்திரிக்க வச்சா.

இரு, பார்த்துக்கிடுதேன். பவுனு... ஏட்டி பவுனு. ம், உக்காந்திருக்கா. வெக்கைக்கு அசதியா இருக்கு போல. ரெண்டு நாளா தீனியும் சரியா எடுக்கல. நீ சன்னலை நல்லாத் தொறந்து விடு, காத்து வரட்டும்.

எங்க விட்டேன்? ஆமா. உடனே போட்டிருக்கணும். சாமி காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதும்பாக. நான் போய்ப் பூசாரியைக் கேட்டா, “பிள்ளைய வைக்கிற தட்டுல பூனையை வைக்கவா? ஊர்ல என்னைய உக்கார வச்சு ஏசுவானுவ”ன்னாரு. கெஞ்சிக் கூத்தாடி, கூட்டம் இல்லாத நாளா வாங்கன்னு சம்மதிக்க வச்சேன். நாள் குறிச்சாச்சு. அந்த வாரம் எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த அண்ணன் நெஞ்சு வலின்னு போய்ச் சேர்ந்துட்டாரு. பங்காளி சாவு. வருசம் திரும்புற வரைக்கும் கோயில் வாசலை மிதிக்க முடியுமா? நேத்திக்கடன் செய்ய முடியுமா? திவசம் முடியட்டும்னு இருந்துட்டோம். அதுக்குள்ள இவ இப்படி ஊதிப் போயிட்டா.

நானா? நான் ஒண்ணும் அள்ளி அள்ளிப் போடல. காலையில ஒரு முட்டை, பால்ல கலக்கி. நான் இட்லி திங்கும்போது அவளுக்கு ஒண்ணு, பிச்சுப் போட்டு. கடைக்கு வந்தா நெத்திலி, அதுவும் பொடிசுதான், யாரும் வாங்காதது. மத்தியானம் மீன் குழம்புச் சோறு. சாயங்காலம் டீக்கடைப் பால். ராத்திரி என்னத்தைப் பெருசா, மத்தியானச் சோறு மிச்சம் இருந்தா அது. அந்த வாயில்லாச் சீவன் விசத்தைத் தின்னு பொழைச்சு வந்திருக்கு, அதுக்குப் போடாம யாருக்குப் போட? எங்க வீட்டுக்காரருக்குச் சுகர். நான் பொங்கி வச்சதைக் கண்டாலே, இது கூடாது அது கூடாதுன்னு தட்டைத் தள்ளி வச்சுருவாக. மவன்மாரு ரெண்டு பேரும் திருப்பூர்ல கடையில வாங்கித் திங்கானுவ. எங்க வீட்டுல நான் வச்சதை வேண்டாம்னு சொல்லாமத் திங்கிறது இவ ஒருத்திதான் தாயி. இவ தின்னு முடிச்சுட்டுத் தட்டை நக்குவா பாரு, அதைப் பார்த்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

அஞ்சாறு மாசத்துக்கு முன்ன தடுப்பூசி போடப் போனோம். டாக்டரம்மா தராசுல வச்சுப் பார்த்துட்டு என்னையப் பார்க்கா. எட்டரை கிலோ. “பாட்டி, இது இருக்க வேண்டியதுல ரெண்டு பங்கு இருக்கு”ன்னா. பாட்டியாம், பாட்டி. எனக்கு அப்படி என்ன வயசாயிருச்சு? போகட்டும். விலாவுல கை வச்சுத் தடவச் சொன்னா. “எலும்பு கைக்குத் தட்டுப்படுதா? படணும். மேலயிருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். உங்க பூனைக்கு இடுப்பே இல்லை”ன்னா. எனக்குந்தான் இடுப்பு இல்லை, நான் நடமாடலையா?

உன் பிள்ளைக்கு எத்தனை மாசம்? எடை போட அங்கன்வாடிக்குத் தூக்கிட்டுப் போறியா? எடை கூடியிருந்தா டீச்சர் என்ன சொல்லுவா? சிரிப்பா. நல்லா வளத்திருக்கம்மான்னு சொல்லுவா. அதே எடை பூனைக்குக் கூடுனா ஏச்சு. இது என்ன நாயம்னு நீயே சொல்லு.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அவுக வேதம் மாதிரிக் கேட்டுக்கிட்டாக. பால் கூடாது. கருவாடு கூடவே கூடாது, உப்பு. கோழியை வேக வச்சு, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போடணும். பட்டினியும் போட்டுரக் கூடாது, குண்டுப் பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப் போகுமாம். மெல்ல மெல்லத்தான் குறைக்கணுமாம். விளையாட்டுக் காட்டணும், ஓட விடணும். பொறவு இன்னொண்ணும் சொன்னா. “நாய் மாதிரி வாயைத் தொறந்து மூச்சு வாங்குனா ஒரு நிமிசம் நிக்காதீங்க. எனக்காகக் கூடக் காத்திருக்க வேண்டாம். திருநெல்வேலி பெரிய மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருங்க. பூனை அப்படி மூச்சு விடாது. விட்டா உசுருக்கு ஆபத்து”ன்னா. டாக்டருமாரு அப்படித்தான், வயித்து வலின்னு போனாலும் சாவுக் கதைதான் சொல்லுவாக.

குறைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல தாயி. நல்லாக் கேட்டுக்க. குறைப்போம். முதல்ல தட்டுல வைப்போம், நேந்ததைக் குடுப்போம், பொறவு குறைப்போம். இதைத்தான் நான் சொன்னேன். இதுல என்ன தப்பு?

அவுக என்ன சொன்னாக தெரியுமா? “நேந்த அன்னைக்கு அது நாலு கிலோ கூட இருந்திருக்காது. நாலு கிலோ கருப்பட்டியைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா, மாடத்தி வேண்டாம்னா சொல்லப் போறா?” பாரு, தீப்பெட்டி ஆபீஸ்காரன் பேச்சை. அங்க குச்சியை எண்ணவா செய்யுதான், பெட்டி நெறஞ்சாப் போதும். நான் கருவாட்டுக்காரி. பச்சை மீனா இருந்தப்ப உள்ள எடைக்கா நான் கருவாடு விக்கேன்? தட்டுல வைக்கிற அன்னைக்கு என்ன எடையோ அதுதான் எடை. “அப்படின்னா குறைச்சுட்டு வையி, குறைஞ்ச எடைதான் எடை”ன்னாக. இது நாயமா? தானாக் குறைஞ்சா அது வேற. தட்டுல வைக்கப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டே குறைச்சா அதுக்குப் பேரு என்ன? கள்ளத் தராசு. மனுசருக்கே செய்யாதவ சாமிக்குச் செய்வேனா? உசுரைக் குடுத்தவளுக்கு?

பொறவு இவளை மாடத்தி திரும்பக் கேட்டான்னா நான் எங்க போவேன்? எனக்கு அந்தப் பயந்தான் தாயி, வேற ஒண்ணும் இல்ல.

போன் அடிக்குது. அவுகதான். அடிக்கட்டும். சொல்லாம வந்துட்டேன். காலைச் சிப்டுக்குப் போனதும் கூடையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். தெரிஞ்சா விட மாட்டாக.

கண்டக்டர் தம்பி, எனக்குத்தான் சீட்டு வாங்கிட்டேன்லா? கூடைக்கு எதுக்கு லக்கேஜு? மடியிலதானே இருக்கு. உள்ளயா? துணிமணி. ஆமா, துணிமணிதான். போ தம்பி, முன்னால ஆள் ஏறுது பாரு.

பொய்தான், என்ன செய்ய.

இந்தக் காயத்தாறுல எதுக்கு இம்புட்டு நேரம் போட்டுருக்கான்? டிரைவர் டீ குடிக்கப் போயிட்டானா? வெயில் உச்சிக்கு ஏறுது. பஸ்சு நின்னாக் காத்தும் நின்னு போகுது. பவுனு, பொறுத்துக்கட்டி, இந்தா வந்துரும்.

நான் எதைச் சொல்ல வந்தேன்? அவுக செஞ்ச கோட்டிக்காரத்தனத்தைச் சொல்லணும். ஒரு குச்சியில நூலைக் கட்டி, நூல் முனையில கோழி இறகைக் கட்டி, ஆபீஸ் விட்டு வந்ததும் வீடு முழுக்க இழுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாக. அறுவது வயசுல. இவ படுத்தபடிக்குப் பார்த்துக்கிட்டுக் கிடப்பா, டிவி பார்க்கிற மாதிரி. இறகு இங்கன போனா கண்ணு இங்கன, அங்கன போனா கண்ணு அங்கன. நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. “ஓடுறது யாரு, குறையுறது யாரு”ன்னு கேட்டேன். அவுக பாட்டுக்குத் தினமும் நடந்தாக.

ஒரு நாள் பார்க்கேன், இவ எந்திரிச்சு ஓடுதா! வயிறு தரையில உரசுது, ஆனா ஓடுதா. இறகை ஒரு தட்டுத் தட்டிட்டு அவுக மூஞ்சியைப் பார்க்கா. அவுக முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. மவன் நடை பழகுனப்பப் பார்த்த சிரிப்பு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பொறவு கடையில தராசுல வச்சுப் பார்த்தேன். அரைக் கிலோ குறைஞ்சிருக்கு.

திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. மாடத்தி பார்த்துக்கிட்டுத்தானே இருப்பா? சொர்ணத்தாய் கோயிலுக்கு வர்ற நேரம் பார்த்துப் பூனையைக் குறைக்காளேன்னு நெனைக்க மாட்டாளா? அன்னைக்கே ஒரு முட்டை கூட்டிப் போட்டேன். அவுக அளந்து வச்ச கோழியை இவ தின்னுட்டு வருவா, நான் கடையில நெத்திலியைப் போடுவேன். அவுக வீட்டுல ஓட விடுவாக, நான் கடையில படுக்க வைப்பேன். அவுக இழுக்க, நான் இழுக்க, கடைசியில ஒன்பதைத் தொட்டுட்டா.

போன வாரம் அவுக கடைக்கு வந்து பார்த்துட்டாக. இவ வாயில வாளைக் கருவாடு. அவுக சத்தம் போடுற ஆளே இல்ல தாயி. கலியாணம் ஆன நாள்லயிருந்து என்னைய ஒரு வார்த்தை ஏசுனதில்ல. அன்னைக்கு மார்க்கெட் நடுவுல நின்னு, “நீ இதைக் கொல்லுத சொர்ணம். நேத்திக்கடன்னு பேரு வச்சுக்கிட்டுக் கொல்லுத”ன்னாக. மீன்காரி, காய்காரி, அத்தனை பேரும் பார்க்காக. நானா? நானா கொல்லுதேன்? எந்தக் கையால ஊட்டுனேனோ அந்தக் கையாலயா? அன்னையிலயிருந்து நான் அவுககூடப் பேசல. அவுகளும் பேசல. இவ மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்கிட்டு மூச்சு வாங்குனா.

அது அப்பைக்கப்ப வாங்குறதுதான். கனம்லா.

திவசம் முடிஞ்சுது, பூசாரிக்குப் போன் போட்டேன், இன்னைக்கு வான்னுட்டாரு. ஆனா இந்த மூதி ரெண்டு நாளா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கா. தட்டை மோந்து பார்க்கா, தள்ளிப் போயிருதா. இன்னைக்குத் தட்டுல ஏறப் போறவ ரெண்டு நாளாத் திங்க மாட்டேன்னா எப்படி? எடை குறைஞ்சுராதா? காலையில முட்டையைப் பால்ல கரைச்சு, வாயைப் பிடிச்சு, சங்குல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விட்டுத்தான் கூட்டிட்டு வாரேன். பாதியைத் துப்பிட்டா. பாதி எறங்கிருக்கும்.

ஏம்மா அப்படிப் பார்க்க?

தாய்தானே நீயும். பிள்ளை திங்க மாட்டேன்னா விட்டுருவியா?

அப்பாடி, எடுத்துட்டான் வண்டியை. இனிமே நிக்காமப் போவான். துணியைக் கொஞ்சம் விலக்கிக் காத்துப் படட்டும். பவுனு. ஏட்டி, என்னட்டி...

கொட்டாவி விடுதா. பாரு, வாயைத் தொறந்து கொட்டாவி விடுதா. தூக்கம் வருது போல.

ஆமா, வெயிலு. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். நமக்கே நாக்கு வறண்டு போகுது. உன்கிட்ட தண்ணி இருக்கா? ஒரு மூடி ஊத்து. இந்தாட்டி, நக்கிக்கோ. நக்கு. ஏன் நக்க மாட்டேங்கா? தண்ணியைக் கண்டதும் தலையைத் திருப்புதா.

இல்லம்மா, நீ சொல்லாத. நாய் மாதிரி இல்ல. நாய் வேற மாதிரி மூச்சு விடும், நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு. இவ நாக்கு உள்ளதானே... வெளியவா இருக்கு? கொஞ்சமா இருக்கு. வயிறு ஏன் இப்படி ஏறி எறங்குது? துருத்தி மாதிரி. எண்ண முடியல. வீட்டுலயிருந்து கிளம்பும்போது இப்படி இல்ல, சத்தியமா இல்ல. கொஞ்சம் மூச்சு வாங்குனா, அம்புட்டுத்தான்.

கங்கைகொண்டான் வந்துருச்சா? திருநெல்வேலிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். எறங்கி, அடுத்த பஸ்சு ஏறி, ஒரு மணி நேரம். தட்டுல வைக்க எம்புட்டு நேரம் ஆகப் போகுது? வச்சு எடுத்துட்டு நேரா டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போயிருவேன். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ஆத்தா, உன் வாசலுக்குத்தானே வாரேன். உன்கிட்ட வர்ற வழியில இப்படிப் பண்ணலாமா நீ? நான் என்ன குறைச்சேன்? ஒரு பிடி குறைச்சேனா? கூட்டித்தானே கொண்டு வாரேன்!

போன் அடிக்குது பாரு. எடுக்கவே மாட்டேன். எடுத்தா அழுதுருவேன்.

நீ எடு தாயி. இந்தா. நீ பேசு. பக்கத்து சீட்டுக்காரின்னு சொல்லு, நான் பஸ்சுல இருக்கேன்னு சொல்லு. கோயிலுக்குப் போறான்னு சொல்லு. பவுனைப் பத்தி ஒண்ணும் சொல்லாத. நல்லா இருக்கான்னு சொல்லு.

என்ன சொல்லுதாக? ஏசுதாகளா?

என்ன?

இன்னொரு தடவை சொல்லு. “கோயிலுக்குன்னா போகட்டும். அது உசுரோட இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க”ன்னா? அப்படியா கேட்டாக? அழுதாகளா? ஆம்பளை அழுத சத்தம் உனக்குக் கேட்டுச்சா? அந்த மனுசன் அவுக அண்ணன் செத்ததுக்கே அழல.

பவுனு. ஏட்டி. என்னையப் பாரு. இவ வாயைப் பாரு தாயி, உள்ள செவப்பா இருக்குமே. கொட்டாவி விடும்போது ரோசாப்பூ மாதிரி இருக்கும். ஏன் இப்படி நீலம் பாரிச்சு... காது கொதிக்குது. கண்ணு என் மேல இருக்கு, ஆனா என்னையப் பார்க்கல.

அய்யோ, நான் கொல்லுதேன். அவுக சொன்ன மாதிரியே கொல்லுதேனே.

ஏ கண்டக்டரு! ஏ தம்பி! வண்டியை நிப்பாட்டு! ஊருக்குள்ள போறதுக்கு முன்னால பெரிய மாட்டாஸ்பத்திரி இருக்கும்லா, அதுக்குப் போற முக்குல நிப்பாட்டு. அங்க ஸ்டாப்பு இல்லாட்டி என்ன? உசுரு ஸ்டாப்பு பார்த்தா போகும்? ஆமா, பூனைதான். ஆமா, துணிமணின்னு பொய்தான் சொன்னேன், லக்கேஜு போட்டுக்க, பத்து லக்கேஜு போட்டுக்க, வண்டியை மட்டும் நிப்பாட்டு. பாரு தம்பி, நீயே குனிஞ்சு பாரு. உன் வீட்டுல ஒரு சீவன் இப்படிக் கிடந்தா நீ ஓட்டிக்கிட்டே போவியா?

அண்ணாச்சி, நீங்களாச்சும் டிரைவருகிட்ட சொல்லுங்க. சொல்லுங்க எல்லாரும்.

விசில் அடிச்சுட்டான். நல்லா இரு தம்பி, நீ நல்லா இரு. அந்த முக்குதானா? ஆட்டோ நிக்குதா? நிக்குதா, சரி. ஈரத் துணியா? குடு தாயி. மேல போட்டுக்கிடுதேன். உன் பிள்ளைக்கு வச்சிருந்த தண்ணியை எல்லாம் ஊத்திட்டியே, மவராசி.

போன்ல அவுக இன்னும் இருக்காகளா? ஆஸ்பத்திரிக்குத்தான் போறான்னு சொல்லு. வரச் சொல்லு. அந்தக் குச்சியையும் எறகையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பொழைச்சு எந்திரிச்சா இனிமே அவுக சொல்லுற அளவுதான், நான் ஒரு நெத்திலி போட மாட்டேன்னு சொல்லு. சொல்லிட்டியா? போனைக் கூடைக்குள்ள போடு.

வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க.

கருப்பட்டி மூடையா? அதை எடுக்க எனக்குக் கை இல்ல தாயி, ரெண்டு கையும் இவளுக்கே பத்தல. ஸ்டாண்டுல மாடத்தி கோயில் பஸ்சுல ஏத்தி விடு, பூசாரி எறக்கிக்கிடுவாரு. எடை போட வேண்டாம்னு அவருக்குச் சொல்லி விடு. இவ மெலியட்டும். பாதியா மெலியட்டும். அதுக்குப் பொறவு நான் கூட்டிட்டு வந்து தட்டுல வைக்கேன்னு சொல்லு. எடை குறைச்சலாத்தான் இருக்கும். சொர்ணத்தாய் தெரிஞ்சேதான் குறைச்சா, சாமிக்கே கள்ளத் தராசு பிடிச்சான்னு மாடத்தி சொன்னா, ஆமான்னு நான் ஒத்துக்கிடுதேன். கோவில்பட்டி மார்க்கெட்ல நின்னு ஒத்துக்கிடுதேன்.

மூச்சு விடுட்டி பவுனு. இந்தா எறங்கிட்டோம். விடு.